ஊட்டிக் குளிரும் ஸ்டீராய்டு டியூபும்

டிசம்பர் பிறந்து தலைக்குந்தாப் பக்கம் காலையில் புல் வெள்ளை பூக்க ஆரம்பித்ததும், ஊட்டி, குன்னூர், கோத்தகிரி மருந்துக் கடைகளில் இரண்டு கேள்விகள் அதிகமாகக் கேட்கும். ஒன்று, “குழந்தைக்குக் கன்னம் வெடிச்சிருக்குங்க, ஏதாவது ஆயின்மென்ட் குடுங்க.” இன்னொன்று, “போன வருஷம் அரிப்புக்கு வாங்கினோமே, அதே டியூப் குடுங்க.” முதல் கேள்விக்குப் பெரும்பாலும் ஸ்டீராய்டே வேண்டாம். இரண்டாவதற்கு வேண்டியிருக்கலாம். ஆனால் உடம்பில் எந்த இடம், எவ்வளவு, எத்தனை நாள் என்று கேட்காமல் அதைக் கொடுப்பதும் தப்பு, வாங்குவதும் தப்பு.

ஸ்டீராய்டு பூச்சு அழற்சியை அடக்கும் மருந்து. வறட்சியை அது தீர்க்காது. இந்த மலையில் நடக்கும் தவறுகளில் பாதி, இந்த இரண்டையும் ஒன்றென்று நினைப்பதில் தொடங்குகிறது. மீதிப் பாதி அதற்கு நேர் எதிர்: உண்மையாகவே ஸ்டீராய்டு தேவைப்படும் இடத்தில் பயந்து பயந்து பொட்டு வைப்பது போலத் தொட்டுவிட்டு, “போட்டுப் பார்த்தேன், கேக்கல” என்று கைவிடுவது.

வறண்ட தோலை அடையாளம் காண்பது கடினமில்லை. சொரசொரப்பாக, மாவு பூத்தது போல இருக்கும். நகத்தால் லேசாக இழுத்தால் வெள்ளைக் கோடு விழும். இழுக்கும், எரியும், கொஞ்சம் அரிக்கும். ஆனால் தடிப்பு இருக்காது. அழற்சி என்றால் தோல் தடித்திருக்கும், தொட்டால் சுற்றியுள்ள இடத்தைவிடச் சூடாக இருக்கும், சில சமயம் நீர் கசியும், ராத்திரித் தூக்கத்தைக் கெடுக்கும் அளவுக்கு அரிக்கும். ‘சிவந்திருக்கும்’ என்றுதான் எல்லா இடத்திலும் எழுதியிருப்பார்கள். நம் நிறத்தில் அது சிவப்பாகத் தெரிவதில்லை. ஊதா கலந்த பழுப்பாக, சாம்பல் பூசிய கருப்பாகத் தெரியும். சிவப்பைத் தேடிக் காணாமல், “ஒண்ணுமில்ல, வறட்சிதான்” என்று விடுவதும் நடக்கிறது.

சந்தேகம் இருந்தால் ஒரு வாரம் வெறும் மாய்ஸ்சரைசர் மட்டும் போட்டுப் பாருங்கள். வெள்ளைப் பெட்ரோலியம் ஜெல்லி போதும், வாசனை இல்லாததாக இருந்தால் சரி. தேங்காய் எண்ணெயும் நல்லதுதான், ஆனால் அது சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். ஊட்டியில் வருஷத்தின் பெரும்பகுதி அது கட்டியாகவே இருக்கும் என்பதால் உள்ளங்கையில் தேய்த்து இளக்கிப் பூச வேண்டும். குளித்து முடித்து, தண்ணீரை ஒற்றி எடுத்த மூன்று நிமிடத்துக்குள் பூசினால்தான் ஈரம் உள்ளே தங்கும். இங்கே ஆவி பறக்கும் தண்ணீரில் அரை மணி நேரம் குளிப்பது ஒரு சுகம். அந்தச் சுகம்தான் தோலில் இருக்கும் கொழுப்பைக் கரைத்து எடுக்கிறது. வெதுவெதுப்பான தண்ணீர், பத்து நிமிடம், சோப்பு அக்குளுக்கும் இடுப்புக்கும் பாதத்துக்கும் மட்டும். ஒரு வாரத்தில் பாதி குறைந்திருந்தால் உங்களுக்கு ஸ்டீராய்டு வேண்டியதே இல்லை.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடலாம். அரிக்கிற இடத்தில் நீலகிரித் தைலம் தேய்க்கும் பழக்கம். தைலம் சளிக்கு ஆவி பிடிக்க நல்லது. வெடித்த தோலில் அது எரிச்சலூட்டும் பொருள். தேய்த்ததும் குளுகுளுவென்று இருப்பதால் அரிப்பு மறந்துபோகும், மறுநாள் அந்த இடம் இன்னும் தடித்திருக்கும். பிறகு அதற்கு ஒரு டியூப் தேடுவார்கள்.

டியூபின் பின்பக்கம்

ஸ்டீராய்டு தோல் பூச்சாக வந்தது 1952-ல். சல்ஸ்பெர்கர், விட்டன் என்ற இருவர் ஹைட்ரோகார்ட்டிசோனைத் தோலில் பூசினால் எக்சிமா (அரிப்போடு வரும் தோல் அழற்சி) அடங்குகிறது என்று காட்டினார்கள். அதற்குப் பிறகு வந்ததெல்லாம் அந்த மூலக்கூறின் மேல் கட்டிய மாடிகள். மாடிக்கு மாடி வீரியம் ஏறும்.

கீழ்த்தளத்தில் ஹைட்ரோகார்ட்டிசோன் 1%, டெசோனைடு 0.05%. அடுத்து குளோபெட்டசோன் பியூட்டிரேட் 0.05%. அதற்கு மேல் ஃப்ளூட்டிகசோன் கிரீம் 0.05%, மொமெட்டசோன் 0.1%. மொமெட்டசோனைச் சில நாடுகளின் பட்டியல் ‘வீரியமானது’ என்றே வைக்கிறது. அதற்கும் மேலே பீட்டாமெத்தசோன் வேலரேட் 0.1%, பீட்டாமெத்தசோன் டைபுரோப்பியோனேட் 0.05%. உச்சியில் குளோபெட்டசால் புரோப்பியோனேட் 0.05%, ஹாலோபெட்டசால் 0.05%.

இதில் இரண்டு கண்ணிகள் இருக்கின்றன. முதலாவது சதவீதம். “1% இருக்கறது ஸ்ட்ராங், 0.05% லேசு” என்று நினைப்பது இயல்பு. நடப்பது தலைகீழ். தோலின் ரத்தக்குழாயை மருந்து எவ்வளவு சுருக்குகிறது என்று பார்த்து வீரியத்தை அளக்கும் சோதனையில் குளோபெட்டசால், ஹைட்ரோகார்ட்டிசோனைவிடச் சுமார் 600 மடங்கு வீரியம் காட்டுகிறது. சதவீதம் என்பது ஒரே மருந்தின் இரண்டு டியூபுகளை ஒப்பிட மட்டுமே பயன்படும். இரண்டாவது கண்ணி பெயர். குளோபெட்டசோன், குளோபெட்டசால்: கடைசி எழுத்துகளில்தான் வித்தியாசம், ஒன்று இரண்டாம் படி, இன்னொன்று உச்சிப் படி. வாங்கும்போது கடைசி எழுத்து வரை வாசியுங்கள்.

பிராண்ட் பெயரோடு ஒட்டிவரும் வால் எழுத்துகளையும் கவனியுங்கள். ‘என்’ என்றால் கூடவே நியோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக் இருக்கலாம், ‘ஜிஎம்’ என்றால் ஜென்டமைசினும் மைக்கோனசோலும் இருக்கலாம். நியோமைசின் சிலருக்கு அதுவே ஒவ்வாமை ஆகி, பூசப் பூச மோசமாகும். வெறும் எக்சிமாவுக்கு இந்தக் கூட்டுச்சரக்கு எதுவும் வேண்டாம்.

கிரீமா, ஆயின்மென்டா, லோஷனா என்பதும் வெறும் விருப்பம் இல்லை. ஆயின்மென்ட் எண்ணெய்ப் பசை. காய்ந்து தடித்த, வெடித்த இடத்துக்கு அது. ஒரே மருந்து ஆயின்மென்டாக இருந்தால் கிரீமைவிடக் கொஞ்சம் ஆழமாக வேலை செய்யும், எரியவும் எரியாது. நீர் கசியும் இடத்துக்கும் மடிப்புகளுக்கும் கிரீம். தலைக்கும் முடி நிறைந்த இடத்துக்கும் லோஷன். குளிரில் ஆயின்மென்ட் இறுகி வராவிட்டால் டியூபைச் சட்டைப் பைக்குள் பத்து நிமிடம் வைத்திருங்கள். அடுப்புப் பக்கம் கொண்டுபோக வேண்டாம்.

ஒரே பூச்சு, வேறு வேறு தோல்

1967-ல் ஃபெல்ட்மன், மெய்பாக் இருவரும் ஹைட்ரோகார்ட்டிசோன் உடம்பின் எந்த இடத்தில் எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்று அளந்தார்கள். முன்கையில் உறிஞ்சப்படுவதை 1 என்று வைத்தால், உள்ளங்காலில் 0.14, உச்சந்தலையில் 3.5, நெற்றியில் 6, தாடையோரத்தில் 13, விதைப்பையில் 42. கண் இமைத் தோலும் மிக மெல்லியது.

இந்த எண்களை ஒருமுறை நிதானமாகப் பார்த்தால் போதும், பாதி விதிகள் தாமாகவே விளங்கும். உள்ளங்காலில் தடித்துப் பிளந்த எக்சிமாவுக்கு மிதமான மருந்து ஏன் ஒன்றும் செய்வதில்லை, அதே காலுக்குக் கொடுத்த குளோபெட்டசாலை “கொஞ்சம் மிச்சம் இருந்துச்சு” என்று தொடையிடுக்கில் பூசினால் ஏன் சில வாரத்தில் தோல் கிழிந்தது போல வரி விழுகிறது என்பதெல்லாம் இதில் அடக்கம். முகம், கழுத்து, அக்குள், தொடையிடுக்கு, மார்பின் கீழ் மடிப்பு, பிறப்புறுப்பு: இங்கெல்லாம் கீழ்த்தள மருந்துதான், அதுவும் ஐந்து முதல் ஏழு நாள். இமைக்கு மருத்துவர் கண்ணால் பார்த்துச் சொன்னால் ஒழியத் தொடாதீர்கள். இமையில் நாள்பட்டுப் பூசினால் கண்ணழுத்தம் ஏறலாம், கண்புரை வரலாம். கண்ணழுத்தம் ஏறுவது வலியில்லாமல் நடப்பதால் ஆளுக்கே தெரியாது.

மூடிவைத்தால் உறிஞ்சுவது பல மடங்கு கூடும். பிளாஸ்டிக் சுற்றினால்தான் மூடுவது என்று எண்ண வேண்டாம். தேயிலைக் காட்டில் நாள் முழுக்கப் போடும் கம்பூட், இடுப்பில் கட்டும் பிளாஸ்டிக் விரிப்பு, காய்கறி கழுவும்போது மாட்டும் ரப்பர் கையுறை, குழந்தையின் டயப்பர் எல்லாமே மூடிகள்தான். மருந்தை ராத்திரி படுக்கும்முன் பூசுங்கள், காலையில் பூசிவிட்டுக் கம்பூட்டுக்குள் காலை விடாதீர்கள். டயப்பர் கட்டும் இடத்தில் வீரியமான ஸ்டீராய்டுக்கு இடமே இல்லை.

எவ்வளவு பூசுவது

“மெல்லிசா பூசுங்க” என்று சொல்லித்தான் எல்லோரும் அனுப்புகிறார்கள். எவ்வளவு மெல்லிசு என்று யாரும் சொல்வதில்லை. அதற்கு ஓர் அளவு இருக்கிறது: விரல்நுனி அளவு. 1991-ல் லாங், ஃபின்லே இருவர் எழுதி வைத்தது. சாதாரண டியூபின் வாய் 5 மில்லிமீட்டர் அகலம். ஆள்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் மடிப்பு ரேகை வரை ஒரே கோடாகப் பிதுக்கினால் வருவது ஒரு விரல்நுனி அளவு. ஆணின் விரலில் அது சுமார் அரை கிராம், பெண்ணின் விரலில் 0.4 கிராம். அது பெரியவரின் இரண்டு கை அளவு இடத்துக்குப் போதும். கை என்பது உள்ளங்கையோடு விரல்களையும் சேர்த்து.

பெரியவருக்கு ஒரு வேளைக் கணக்கு இப்படி. முகமும் கழுத்தும் சேர்த்து இரண்டரை. ஒரு கை தோளிலிருந்து மணிக்கட்டு வரை மூன்று, மணிக்கட்டுக்குக் கீழே முன்னும் பின்னும் ஒன்று. ஒரு கால் ஆறு, பாதம் இரண்டு. நெஞ்சும் வயிறும் ஏழு, முதுகும் பிட்டமும் ஏழு. மொத்த உடம்புக்கும் ஒரு தடவை பூச 40, அதாவது 20 கிராம்.

இதை இங்கே அடிக்கடி வரும் ஒரு பிரச்சினையில் வைத்துப் பார்ப்போம். கேரட், பீட்ரூட் கழுவுகிறவர்கள், பாத்திரம் தேய்க்கிறவர்கள், நாள் முழுக்கக் கை நனைகிறவர்களுக்கு வரும் கை எக்சிமா. இரண்டு கையும் முன்னும் பின்னும் என்றால் இரண்டு அளவு, ஒரு நாளைக்கு ஒரு கிராம். மருத்துவர் இரண்டு வாரம் என்று எழுதினால் 14 கிராம். 15 கிராம் டியூப் ஒன்று சரியாக முடிய வேண்டும். இரண்டு வாரம் கழித்து டியூபில் முக்கால்வாசி மிச்சம் இருந்தால், நீங்கள் மருந்து போடவில்லை, தோலுக்கு மருந்தின் வாசம் காட்டியிருக்கிறீர்கள். அதே டியூபை நான்கு நாளில் காலி செய்தாலும் சரியில்லை. முழங்காலுக்குக் கீழே இரண்டு காலிலும் முழுக்கப் பூச வேண்டியிருந்தால் ஒரு நாளைக்குச் சுமார் 3 கிராம், 15 கிராம் டியூப் ஐந்து நாளில் தீரும். அப்படியொரு பரப்புக்கு ஒரே ஒரு சிறு டியூப் எழுதித் தந்திருந்தால் திரும்பக் கேளுங்கள்.

குழந்தைக்கும் பெரியவர் விரலாலேயே அளக்க வேண்டும், இடம்தான் மாறும். மூன்று முதல் ஆறு மாதக் குழந்தையின் முகமும் கழுத்தும் ஓர் அளவு, ஒரு கை ஒன்று, ஒரு கால் ஒன்றரை. மூன்று முதல் ஐந்து வயதில் முகம் ஒன்றரை, கை இரண்டு, கால் மூன்று. குழந்தையின் உடல் எடையோடு ஒப்பிட்டால் தோலின் பரப்பு அதிகம். அதே மருந்து ரத்தத்தில் கலக்கும் பங்கும் அதிகம். அதனால் குழந்தைகளுக்கு வீரியமான படிகள் தோல் மருத்துவர் கண்காணிப்பில் மட்டும்.

உச்சிப் படியான குளோபெட்டசாலுக்குத் தனிக் கட்டுப்பாடு உண்டு: வாரத்துக்கு 50 கிராமுக்கு மேல் கூடாது, தொடர்ந்து இரண்டு வாரத்துக்கு மேல் கூடாது. அதைத் தாண்டினால், உடம்புக்கு வேண்டிய ஸ்டீராய்டைத் தானே சுரக்கும் அட்ரினல் சுரப்பி தன் வேலையைக் குறைத்துக்கொள்ளும் அபாயம் இருக்கிறது. பூச்சுதானே, உள்ளுக்குச் சாப்பிடவில்லையே என்பது இங்கே செல்லாது.

பூசும் முறை, நிறுத்தும் முறை

கை கழுவி, அழற்சி உள்ள இடத்தில் மட்டும், முடி வளரும் திசையில் தடவ வேண்டும். அரக்கித் தேய்க்க வேண்டாம். பூசிய இடத்தில் மினுமினுப்பு தெரியும் அளவு போதும். பூசியதும் கையைக் கழுவுங்கள், கைக்கே மருந்து என்றால் மட்டும் விட்டுவிடுங்கள். மாய்ஸ்சரைசருக்கும் ஸ்டீராய்டுக்கும் நடுவே இருபது முதல் முப்பது நிமிடம் இடைவெளி கொடுங்கள். எது முதலில் என்பதில் மருத்துவர்களுக்குள்ளேயே இரண்டு கட்சி உண்டு, இடைவெளிதான் முக்கியம். இரண்டையும் உள்ளங்கையில் குழப்பிப் பூசினால் மருந்து நீர்த்துப்போகும், வேண்டாத இடத்துக்கும் பரவும். பெரும்பாலான அழற்சிக்கு ஒரு நாளைக்கு ஒருமுறை போதும். மொமெட்டசோன் போன்றவை அப்படித்தான் செய்யப்பட்டிருக்கின்றன. இரண்டு வேளை போட்டால் இரண்டு மடங்கு குணம் என்று கணக்கு இல்லை.

எத்தனை நாள் என்பதற்கு அடையாளம் தோலிலேயே இருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவுங்கள். சொரசொரப்பும் தடிப்பும் போய், பக்கத்துத் தோல் போல வழவழப்பாகிவிட்டால் நிறுத்தலாம். நிறத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அழற்சி அடங்கிய இடத்தில் கருமை மாதக்கணக்கில் நிற்கும், அது ஸ்டீராய்டுக்குப் போகாது. ‘கறை போகட்டும்’ என்று தொடர்ந்து பூசுவதில்தான் பலருக்குத் தோல் மெலிகிறது. முகத்தில் ஐந்து ஏழு நாளிலும், உடம்பில் இரண்டு வாரத்திலும் இந்த வழவழப்பு வரவில்லை என்றால் மருந்தைக் கூட்டுவதற்கு முன் நோயை மறுபடி யோசிக்க வேண்டும்.

அடிக்கடி திரும்பி வரும் எக்சிமாவுக்கு மருத்துவர்கள் வேறு வழி வைத்திருக்கிறார்கள். அடங்கிய பிறகும் வாரத்தில் இரண்டு நாள், உதாரணமாகச் சனி ஞாயிறு, வழக்கமாக வரும் இடத்தில் மட்டும் பூசுவது. மீதி ஐந்து நாள் மாய்ஸ்சரைசர் மட்டும். குளிர்காலம் முழுக்க ஐந்தாறு முறை முழு வேகத்தில் பூசுவதைவிட இதில் மொத்த மருந்து குறைவு. முகத்துக்கும் மடிப்புக்கும் டாக்ரோலிமஸ் ஆயின்மென்ட் எழுதுவதும் உண்டு. அது ஸ்டீராய்டு இல்லை, தோலை மெலியவைக்காது. இரண்டு வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு 0.03%. முதல் சில நாள் எரியும், அதைச் சொல்லாமல் கொடுத்தால் அடுத்த நாளே குப்பைக்குப் போகும்.

சொரியாசிஸ் வேறு கதை. உடம்பெங்கும் பரந்த சொரியாசிஸுக்கு வீரியமான ஸ்டீராய்டை வாரக்கணக்கில் பூசிவிட்டுச் சட்டென்று நிறுத்தினால் நோய் முன்பைவிட மூர்க்கமாகத் திரும்பலாம், சிலருக்குச் சீழ்க் கொப்புளங்களோடு வரும். அங்கே படிப்படியாகத்தான் இறங்க வேண்டும், மருத்துவர் போட்டுக் கொடுத்த அட்டவணைப்படி.

குளிர்காலத்துக்கு ஒரு எச்சரிக்கை. பாரஃபின் மாய்ஸ்சரைசர் ஊறிய சால்வை, ஸ்வெட்டர், கம்பளியில் தீப்பொறி பட்டால் சாதாரணத் துணியைவிட வேகமாகப் பற்றும். பூசிவிட்டுக் கணப்புப் பக்கத்தில் குந்தாதீர்கள். அந்தத் துணிகளை அடிக்கடி துவையுங்கள், துவைத்தாலும் பசை முழுதாகப் போகாது. கணப்பைப் பற்றி இன்னொன்று: தினமும் தணலுக்கு நேரே காலை நீட்டிக் குளிர்காய்கிறவர்களுக்கு முன்காலில் வலை போட்டது போலப் பழுப்புக் கோடுகள் வரும். அது சூட்டினால் வருவது. அதற்கு டியூப் எதுவும் வேலை செய்யாது, காலைத் தள்ளி வைப்பதுதான் வைத்தியம். பனியில் விரல் சிவந்து, நீலம் பாரித்து, வீங்கி அரிப்பதும் எக்சிமா இல்லை. கையையும் காலையும் மெதுவாகச் சூடேற்றி, காய்ந்த உறை போடுங்கள். தணல் மேலே நேராகக் காட்டினால் புண்ணாகும்.

எங்கே பிசகுகிறது

கூடலூர், பந்தலூர் பக்கம் இறங்கினால் பிரச்சினையே வேறு. அங்கே குளிர் குறைவு, மழையும் ஈரமும் அதிகம், படர்தாமரை அதிகம். வட்டமாக, ஓரம் மேடாக, நடுவே தெளிந்து அரிக்கும் படர்தாமரையில் ஸ்டீராய்டைப் பூசினால் இரண்டு நாளில் அரிப்பு நிற்கும். மருந்து கேட்டுவிட்டது என்று மனசு நிறையும். உண்மையில் நின்றது உடம்பின் எதிர்ப்பு மட்டுமே, பூஞ்சை தடையில்லாமல் வளர்கிறது. டியூபை நிறுத்தினால் முன்பைவிட அகலமாக வரும், மறுபடி டியூப். சில வாரத்தில் அந்த வட்ட உருவமே கலைந்து, பார்த்தால் படர்தாமரை என்று சொல்ல முடியாதபடி ஆகிவிடும். நாட்டில் இன்று டெர்பினஃபின் மாத்திரைக்கே மசியாத பூஞ்சை பரவிக் கிடக்கும் வேளையில் இது சின்ன விஷயம் இல்லை. குளோபெட்டசால், ஆஃப்லாக்சசின், ஆர்னிடசோல், டெர்பினஃபின் என நாலையும் ஒரே டியூபில் அடைத்து விற்கிறார்கள். நோய் எதுவென்று தெரியாமல் எல்லாத் திசையிலும் கல்லெறிவதற்கு மருந்து என்று பெயர் வைத்திருக்கிறோம் என்பது எங்கள் எண்ணம்.

சொறியும் இப்படித்தான் ஏமாற்றும். எஸ்டேட் லைன் வீடுகளிலும் விடுதிகளிலும் ஒரே அறையில் பலர் படுக்கும் இடத்தில், ராத்திரியில் கூடும் அரிப்பு, விரல் இடுக்கிலும் மணிக்கட்டிலும் தொப்புளைச் சுற்றியும் பொரிபொரியாக, வீட்டில் இன்னொருவருக்கும் அதே என்றால் அது சிற்றுண்ணி. ஸ்டீராய்டு அடையாளத்தை மறைக்கும், உண்ணி பெருகும். பெர்மெத்ரின் 5% கிரீமை வீட்டிலிருக்கும் எல்லோரும் ஒரே ராத்திரியில் கழுத்துக்குக் கீழே முழுக்கப் பூசி, ஒரு வாரம் கழித்து மறுபடி பூச வேண்டும்.

பூண்டு உரிக்கிறவர்களின் விரல்நுனி வெடிப்பும் இந்த வரிசைதான். வலக்கைக்காரருக்கு இடது கையின் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றின் நுனி மட்டும் காய்ந்து பிளந்திருந்தால் பூண்டைச் சந்தேகியுங்கள், பூண்டைப் பிடிப்பது அந்தக் கைதான். பூண்டில் இருக்கும் கந்தகப் பொருள் சாதாரணக் கையுறையை ஊடுருவிப் போய்விடும். தொடுவது நிற்காமல் எந்த ஸ்டீராய்டும் பலன் தராது.

முகத்துக்கு வருவோம். மங்குக்கு எழுதும் முக்கூட்டு கிரீம் ஒன்று உண்டு: ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின், கூடவே மொமெட்டசோன். மருத்துவர் கண்காணிப்பில் சில வாரத்துக்குப் பூச வேண்டியதை வெள்ளையாக்கும் கிரீமாக வருஷக்கணக்கில் பூசுகிறார்கள். கல்யாணப் பெண்ணுக்குப் பக்கத்து வீட்டக்கா பரிந்துரைப்பது இதுதான். முதல் மாதம் முகம் பளிச்சென்று இருக்கும். பிறகு வெயில் பட்டால் எரிச்சல், கன்னத்தில் நூல் நூலாக ரத்தக்குழாய், வாயைச் சுற்றிப் பொரி, முகப்பரு, பெண்ணின் முகத்தில் பூனைமுடி. நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் முகம் தீப்பிடித்தது போலச் சிவந்து எரியும், அந்தப் பயத்தில் மறுபடி அதையே பூசுவார்கள். இந்தியாவின் 12 மையங்களில் முகத்தோல் பிரச்சினையோடு வந்த 2926 பேரைப் பார்த்து 2011-ல் வெளியான ஆய்வில், 433 பேர் முகத்தில் ஸ்டீராய்டு பூசிக்கொண்டிருந்தார்கள். தோல் மருத்துவர்கள் இதற்கு ‘ஸ்டீராய்டால் சேதமான முகம்’ என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். 2018-ல் மத்திய அரசு விதியை இறுக்கி ஸ்டீராய்டு வெளிப்பூச்சுகள் பலவற்றை மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்றது. சட்டம் இருக்கிறது, கல்லாவும் இருக்கிறது.

இந்த மலையில் முகத்தோல் மெலிவது இன்னும் மோசம். ஆயிரம் மீட்டர் ஏறினால் புற ஊதாக்கதிர் ஏறக்குறைய பத்து சதவீதம் கூடும், ஊட்டி 2240 மீட்டரில் இருக்கிறது. வெயில் இதமாக இருக்கிறது என்பது தோலின் சூட்டுக் கணக்கு. கதிரின் கணக்கு அதில் தெரியாது. முகத்தில் எந்த ஸ்டீராய்டு போட்டாலும் பகலில் சன்ஸ்கிரீனும் தொப்பியும் வேண்டும்.

முகத்தில் ஏற்கெனவே பல மாதம் பூசியவர்கள் தாங்களாக ஒரே நாளில் நிறுத்திவிட்டு வீட்டில் எரிந்துகொண்டு இருக்க வேண்டாம். எரிச்சல் வாரக்கணக்கில் நீளும். படி இறக்கி, டாக்ரோலிமஸுக்கு மாற்றி, குளிர்ந்த ஒத்தடத்தோடு கடத்த வழிகள் உண்டு. அதற்குத் தோல் மருத்துவர் வேண்டும்.

உடம்பில் தோல் மெலிந்துவிட்டதா என்று பார்க்க, பூசிய இடத்தையும் பூசாத பக்கத்து இடத்தையும் சாய்வான வெளிச்சத்தில் ஒப்பிடுங்கள். சிகரெட் தாள் போலச் சுருக்கம், லேசாக இடித்தாலே கன்றிப்போதல், வெளிறிய திட்டு இருந்தால் நிறுத்தும் நேரம் தாண்டிவிட்டது. மெலிவும் வெளிறலும் பெரும்பாலும் மாதங்களில் திரும்பும். தொடையிலும் அக்குளிலும் விழுந்த வரிகள் மங்கும், போகாது.

மருத்துவரைப் பார்க்கப் போகும்போது, ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையானாலும் கோயம்புத்தூருக்கு இறங்கினாலும், பூசிய எல்லா டியூபையும் எடுத்துப் போங்கள். பிதுங்கித் தீர்ந்ததையும், அக்கம்பக்கத்தில் வாங்கியதையும், நாட்டு மருந்தென்று கொடுத்த பெயரில்லாத டப்பாவையும் சேர்த்து. பெயரில்லாத டப்பாவில் பூசிய இரண்டாம் நாளே மாயம்போல் குணம் தெரிந்தால் உள்ளே ஸ்டீராய்டு கலந்திருக்க நிறைய வாய்ப்பு உண்டு. மலை இறங்கி ஏறும் தூரத்தை நினைத்து, அங்கேயே நாலு விஷயம் கேட்டுச் சீட்டில் எழுதி வாங்குங்கள்: எந்த இடத்துக்கு எந்த டியூப், ஒரு வேளைக்கு எத்தனை விரல்நுனி, எந்தத் தேதியில் நிறுத்துவது, திரும்ப வந்தால் என்ன செய்வது. கர்ப்பமாக இருந்தால் அதை முதலில் சொல்லுங்கள். மிதமான படிகள் பெரும்பாலும் பிரச்சினை இல்லை, உச்சிப் படியை அதிக அளவில் பூசுவதைத்தான் தவிர்ப்பார்கள்.

வீட்டுக்கு வந்ததும் பேனாவால் டியூப் மேலேயே எழுதுங்கள்: யாருக்கு, உடம்பில் எங்கே, திறந்த தேதி, நிறுத்தும் தேதி. அம்மாவின் பாதத்துக்கு வந்த குளோபெட்டசால், அடுத்த ஜனவரியில் பேரனின் வெடித்த கன்னத்துக்குப் போவதை அந்த நாலு வார்த்தை தடுத்துவிடும்.